வானம் வரைந்த பூதேன்

கடலைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அலையையே நோக்குகின்றனர். அதன்மேற் கவிந்த வானத்தை நோக்குவோர் சிலர். அவ்வானத்தையே வாழ்நாளெல்லாம் தம் பாடமாகக் கொண்ட ஓவியர் ஒருவரைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுவாம்.

யூஜேன் பூதேன் என்பார் 1824-ஆம் ஆண்டில், பிரான்ஸ் தேசத்து நார்மண்டிக் கரையிலுள்ள ஓன்ஃப்ளர் என்னும் துறையூரில், மாலுமி ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். இளமையில் தந்தையாரின் படகிலேயே ஏவல் செய்தார். 1835-இல் குடும்பம் சேன் நதிக் கழிமுகத்தின் எதிர்க்கரையிலுள்ள லெ ஆவ்ர் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே காகிதமும் படச்சட்டமும் விற்கும் கடையொன்றைக் கூட்டாளியுடன் நடத்தினார். அவ்வழி வந்த ஓவியர்கள் தம் படங்களை அக்கடையிற் காட்சிக்கு வைப்பதுண்டு. மில்லே என்பாரும் அவருள் ஒருவர். பிறர் படங்களுக்குச் சட்டமிட்ட கை தானும் தூரிகையெடுக்கத் துணிந்தது.

1851-இல் லெ ஆவ்ர் நகரசபையார் மூன்றாண்டு உபகாரச் சம்பளம் அளித்து அவரைப் பாரிஸில் பயில அனுப்பினர். படத்தை அறைக்குள்ளிருந்து முடிப்பதே முறையென்று பெரும்பாலார் எண்ணிய காலம் அது. பூதேனோ காற்றடிக்கும் கரையில் நின்று, கண்டதைக் கண்ட பொழுதே தீட்டினார். முகிற் சித்திரங்கள் பலவற்றில் நாளும் பொழுதும் காற்றின் திசையுங்கூடக் குறித்துவைத்தார். 1859-இல் கவிஞர் போதலேர் அவற்றை வியந்து எழுதினார். ஆயினும் புகழ்ச்சி பசியைத் தீர்க்கவில்லை. வறுமை நெடுநாள் அவரை விட்டகலவில்லை.

இவர் வாழ்விலே நமக்கு மிக இனிதாகத் தோன்றுவது வேறொன்று. லெ ஆவ்ரில் மொனே என்னும் இளைஞர், ஊராரைக் கேலிச்சித்திரமாக வரைந்து விற்றுவந்தார். அவை தொங்கிய கடையிலேயே பூதேனின் கடற்படங்களும் தொங்கின. மொனேக்கு அவற்றைக் கண்டாலே வெறுப்பு. அவரைச் சந்திக்கவும் விரும்பவில்லை. பதினாறாண்டு மூத்தவரான பூதேன் அதனைப் பொருட்படுத்தாது, இளைஞரின் கைவன்மையைப் பாராட்டி, அதனோடு நின்றுவிடலாகாதென்று கூறி, தம்முடன் வெளியே வந்து வரையுமாறு பலமுறை அழைத்தார். சாக்குப்போக்குச் சொல்லிவந்த மொனே, ஈற்றில் ஒருநாள் இணங்கினார். தாம் ஓவியரானது பூதேனாலேயே என்று அவர் முதுமையிலும் சொல்லிவந்தார். 1874-இல் மொனே முதலியோர் பாரிஸில் நடத்திய புதுமுறைக் கண்காட்சியில், ஐம்பது வயதை நெருங்கியிருந்த பூதேனும் தம் படங்களை வைத்தார்.

துரூவில் கடற்கரையிற் காற்று வாங்கும் செல்வரையும் அவர் பல படங்களில் வரைந்தார். 1867-இல் பிரித்தானிக் கரையின் எளிய மக்களைக் கண்டு திரும்பியபோது, அச்செல்வர் கூட்டம் வேடக்கூத்தாகத் தோன்றுவதாய்க் கடிதத்தில் எழுதினார். எனினும் அப்படங்களிலும் மாந்தர் சிறியராய்க் கீழே நிற்க, வானமே பெரும்பகுதியை நிறைத்து நிற்கிறது.

1889-இல் மனைவியார் காலமானார்; பாரிஸ் உலகக் கண்காட்சியின் தங்கப்பதக்கம் கிடைத்ததும் அவ்வாண்டிலேயே. 1898-இல் நோயுற்றவர், கடலருகே உயிர்விட விரும்பித் தோவில் நகர் சேர்ந்து, ஆகஸ்ட் 8-ஆம் நாள் மறைந்தார். அவர் அறையிற் கிடந்த சித்திரங்களுள் இருநூற்றுக்கு மேற்பட்டவற்றை, 1900-இல் சகோதரர் லூயி, உபகாரச் சம்பளம் ஈந்த அந்த லெ ஆவ்ர் நகரத்துப் பொருட்காட்சிசாலைக்கே அளித்தார்.