மதிப்பெண் இல்லாத பணி

“இதை எழுதுறவங்களுக்குச் சம்பளம் எவ்வளவு, சார்?”

புதுச்சேரியில் நான் பணியாற்றும் அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் தமிழ் விக்கிப்பீடியாவைத் திரையில் காட்டியபோது எழுந்த முதல் கேள்வி இது. சம்பளமே கிடையாது என்றேன், யாரும் நம்பவில்லை. “நம் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதினாரே, அதற்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?” என்று கேட்டேன். வகுப்பு யோசித்தது.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, தன்னார்வலர்களின் உழைப்பால் 2017இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அதற்கு முன்பே, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தந்தார்கள்.

ஏன் செய்கிறார்கள்? ஓடெட் நோவ் என்ற ஆய்வாளர் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதும் 151 பேரிடம் கேட்டு, 2007இல் முடிவை வெளியிட்டார். முன்னணியில் நின்றவை இரண்டு: செய்வதில் கிடைக்கும் மகிழ்ச்சி, அறிவு எல்லோருக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்ற கொள்கை.

இதைப் படித்திருந்தும் நான் தவறு செய்தேன். விக்கிமூலத்தில் மெய்ப்புத் திருத்தும் பணியைக் கொடுத்து, பக்கத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று அறிவித்தேன். பக்கங்கள் குவிந்தன; பிழைகள் அப்படியே இருந்தன. பலர் படிக்காமலே சேமித்திருந்தார்கள். முகம் தெரியாத தன்னார்வலர்கள் அவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று. எனக்கு வெட்கமாக இருந்தது.

மதிப்பெண்ணை நீக்கினேன். முப்பது பேரில் ஐந்து பேரே மிஞ்சினர். ஆனால் அந்த ஐவரும் எழுத்தெழுத்தாகப் படித்தார்கள்.

விக்கிமூலத்தில் ஒருபுறம் அச்சுப் பக்கத்தின் படம், மறுபுறம் கணினி எழுத்தாக்கிய உரை. ஒருவர் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சையாகும். ஒருநாள் ஒரு மாணவி தன் பக்கம் பச்சையானதைக் காட்டி, “நான் செஞ்சதை யாரோ படிச்சிருக்காங்க, சார்” என்றாள். அவள் விடைத்தாளில் நான் அதுவரை சிவப்பு மையால் சுழித்தது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

என் அனுபவத்தில் மூன்று செய்திகள்:

1. பணி சிறியதாக இருக்கட்டும். ஒரு பக்கம் போதும்.
2. நூலை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும்.
3. செய்ததை இன்னொருவர் படித்தார் என்பது மாணவருக்குத் தெரியட்டும்.

மூன்றாவது, சாதாரணக் கட்டுரை ஏட்டுக்கும் பொருந்தும். இப்போது ஏடு திருத்தும்போது, மதிப்பெண்ணுக்கு முன் ஒரு வரி எழுதுகிறேன். மிஞ்சிய இருபத்தைந்து பேருக்கும் அதுவே என் தொடக்கம்.