நாமினி என்றால் பணம் அவருக்கேவா?

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை எனக்கென்று வெள்ளைத்தாளில் கைப்பட உயில் எழுதிவைத்துவிட்டு அப்பா காலமானார். உயில் பதிவாகவில்லை. சாட்சி போட்ட இருவரில் எதிர்வீட்டு மாமா இப்போது இல்லை. அப்பாவின் ஆபீஸ் நண்பர் இருக்கிறார். “பதியாத உயில் செல்லாது. பேங்க் டெபாசிட்டுக்கும் நான்தான் நாமினி, அது எனக்கே” என்கிறார் அண்ணன். டெபாசிட் பற்றி உயிலில் ஒன்றும் இல்லை. அம்மா என்னோடு அந்த வீட்டில்தான் இருக்கிறார். புரொபேட் வாங்க வேண்டுமா?
- வாசகி, திருச்சி

பதில்: அண்ணன் சொல்வது இரண்டுமே தவறு.

உயிலைப் பதிந்தே ஆகவேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை; முத்திரைத்தாளும் வேண்டாம். அப்பா கையெழுத்திட்டதைப் பார்த்தோ, ‘இது நான் போட்டதுதான்’ என்று அவர் சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். வழக்கு வந்தால் ஒரு சாட்சி கூண்டேறிச் சொன்னால் போதும். ஆகவே பதிவை விட்டுவிட்டு அந்த நண்பரைப் போய்ப் பாருங்கள். அன்று எங்கே உட்கார்ந்து எழுதினார்கள், யார் யார் இருந்தார்கள் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அசல் உயிலை லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். கையெழுத்தை ஆராய வேண்டிவந்தால் மையும் பேனாவின் அழுத்தமும் சரியாகப் பிடிபடாது. ஒப்பிட்டுப் பார்க்க அப்பா கையெழுத்துள்ள பழைய செக், பென்ஷன் தாள்களையும் எடுத்துவையுங்கள்.

திருச்சியில் எழுதி, திருச்சிச் சொத்தை மட்டும் சொல்லும் இந்து ஒருவரின் உயிலுக்குப் புரொபேட் என்ற கோர்ட் சான்று என்றுமே கட்டாயமாக இருந்ததில்லை. அந்த விதி சென்னை, மும்பை, கொல்கத்தாவை ஒட்டி வந்தது. அண்ணன் ஆட்சேபித்துப் பட்டா மாற்றம் நின்றுபோனால், சிவில் கோர்ட்டில் உரிமை விளம்புகை வழக்குப் போடலாம்.

அடுத்தது டெபாசிட். யாரிடம் பணத்தைக் கொடுத்தால் பேங்கின் பொறுப்பு தீருமோ அவர்தான் நாமினி. பணத்துக்குச் சொந்தக்காரர் அவர் அல்ல. ராம் சந்தர் தல்வார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஷேர்களுக்கும் இதேதான் என்று 2023இல் தீர்ப்பு வந்தது. உயிலில் வராத பணம் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சமமாகப் போகும். அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் நான்கு பங்கு. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது பலர் மறப்பது அந்தப் பாட்டியைத்தான்.

உங்கள் கடிதத்தில் அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. ஆயுள் முழுக்க அவர் அந்த வீட்டில் இருக்கலாம் என்று உயிலில் இருக்கிறதா? இல்லையென்றால் உயில்படி வீட்டில் அவருக்குப் பங்கே கிடையாது. கைக்கு வருவது டெபாசிட்டில் உள்ள பங்கு மட்டும். அண்ணனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புமுன் அந்தப் பங்கை அம்மா பெயரிலேயே போட வழி செய்யுங்கள். விடுதலைப் பத்திரம் என்று யார் நீட்டினாலும், நீங்களே நீட்டினாலும், வேறொரு வக்கீல் படித்துச் சொன்ன பிறகே அவர் கையெழுத்திடட்டும்.