மனசு சரியில்லை என்றால் யாரிடம் போவது?

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி என்பதால், நம் இயக்கக் கூட்டங்களில் என்னிடம் வருகிற கேள்விகள் பெரும்பாலும் பணம் பற்றியவை. கிசான் கார்டு எப்படிப் புதுப்பிப்பது, நகைக்கடனுக்கு வட்டி என்ன, சிபில் கெட்டுப்போச்சே என்ன பண்றது, இப்படி. இந்த இரண்டு வருஷமாக இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. அதை யாரும் கூட்டத்தில் எழுந்து கேட்பதில்லை. டீ குடிக்கப் போகும்போது தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். "சார், ஆரணியில மனசுக்குப் பாக்கற டாக்டர் யாராவது இருக்காங்களா? எனக்கில்ல, தெரிஞ்சவங்களுக்கு."

தெரிஞ்சவங்களுக்கோ தனக்கோ, சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். அதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஆரணியை வைத்து எழுதினாலும் மற்ற தாலுகாக்காரர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

விவசாயப் பத்திரிகையில் இது எதுக்கு என்று தோன்றலாம். இயற்கை விவசாயத்துக்கு மாறுகிற வீட்டில் முதல் இரண்டு மூன்று வருஷம் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். மகசூல் இறங்கும். களை ஏறும். "யூரியா போடாம என்னடா வெள்ளாமை?" என்று அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். மனைவி வீட்டார் பக்கத்து வயலைக் காட்டிப் பேசுவார்கள். மண்புழு உரம், பஞ்சகவ்யம் எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறோம், இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆரணி, சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் தறியில், தம்பி வயலில். தறிக்கு முதலாளியிடம் வாங்கின முன்பணம் ஒரு பக்கம், கிணறு ஆழப்படுத்தின கடன் மறுபக்கம். ரெண்டும் ஒரே அடுப்படியில் வந்து முட்டும்.

அப்படி ஒரு தம்பி எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் சம்மதத்தோடு, அடையாளத்தை மாற்றி எழுதுகிறேன். வயது முப்பத்தெட்டு. இரண்டரை ஏக்கர், அதில் சீரகச் சம்பாவும் மல்லாட்டையும். தகப்பனார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அண்ணன் பாகம் பிரிக்கச் சொன்னார். தம்பிக்கு முதலில் வந்தது நெஞ்சு அடைப்பு மாதிரி ஒன்று. ஈசிஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. பிறகு வயிற்று எரிச்சல், அதற்கு ஒரு மாத்திரை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து களத்துமேட்டில் போய் உட்கார்ந்திருப்பாராம். விதைப்புக்கு நாள் தள்ளிக்கொண்டே போனது. அவர் மனைவிதான் கண்டுபிடித்தது. "நான் இல்லன்னா நீங்களாவது நிம்மதியா இருப்பீங்க" என்று அவர் ஒரு நாள் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். கவலை எல்லாருக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூடக் கை ஓடாமல் இருந்தால் அது சோம்பேறித்தனமோ திமிரோ இல்லை. நம் ஆட்கள் "மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டார்கள். நெஞ்சு படபடங்குது, தலை பாரமா இருக்கு, உடம்பெல்லாம் எரியுது என்றுதான் சொல்வார்கள். சாவு பற்றிப் பேச்சு வந்தால் நேராகவே கேளுங்கள்: "செத்துப் போகணும்னு தோணுதா?" கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், கேட்பதால் எண்ணம் வருவதில்லை. கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று பாரம் இறங்கும்.

அந்தப் பெண் முதலில் செய்தது ஒரு போன். 14416 என்ற எண். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை, வீட்டார் பேசி யோசனை கேட்கலாம். சென்னையில் 1986 முதல் நடக்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இந்த இரண்டையும் ஒரு அட்டையில் எழுதி உர மூட்டை இருக்கிற அறைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

அடுத்தது அரசு மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நாட்டில் 1996-இல் தொடங்கின திட்டம். தமிழ்நாட்டில் முதலில் திருச்சியில் வந்தது, இப்போது எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. இதில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் சேர்ந்த குழு ஒன்று, மாவட்டத்துக்குள் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாளில் வந்து போகும். எனவே ஜி.எச்.சில் போய் "டாக்டர் இருக்காரா?" என்று கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். "மாவட்ட மனநலக் குழு எந்த நாள் வருது?" என்று கேளுங்கள். கேள்வி சரியாக இருந்தால்தான் பதில் சரியாக வரும், கவுன்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். மாத்திரை இலவசம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம், ஆரணியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது பாகாயம். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் அங்கேதான், வேலூர் – ஆரணி சாலையிலேயே இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, எங்க பக்கத்தில் பாகாயம் அப்படி. "உன்னைப் பாகாயத்துக்குத்தான் அனுப்பணும்" என்று கேலி பேசியே வளர்ந்தோம். அந்தக் கேலியால் எத்தனை பேர் பஸ் ஏறாமல் இருந்தார்களோ. அங்கே நான் மதிக்கிற விஷயம், நோயாளியோடு வீட்டார் கூடவே தங்க வேண்டும் என்பது. அடைத்துவிட்டு வந்துவிட முடியாது. குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் வைத்தியம். நம் மாதிரி கூட்டுக் குடும்ப ஆட்களுக்கு இதுதான் பொருந்தும் என்பது என் கருத்து.

தனியாரிடம் போவதானால் யார் எந்த வேலைக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர். மாத்திரை எழுத அவரால் முடியும். மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார். பேச்சு வழியாக, பயிற்சி வழியாகச் சிகிச்சை தருவார். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், தயங்காமல் கேட்கலாம். 'ஆலோசகர்' என்ற போர்டை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல படிப்பு படித்தவரும் அதே போர்டு வைக்கிறார், ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்வந்தவரும் வைக்கிறார். என்ன படித்தீர்கள், ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை தடவை வர வேண்டியிருக்கும், இந்த மூன்றையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். மூன்று நாளில் சரியாக்குகிறேன் என்பவரும், மொத்தமாக முன்பணம் கேட்பவரும் வேண்டாம். விதை நெல் வாங்கும்போது இதைவிட அதிகமாக விசாரிக்கிறோமே.

ஊரில் தெரிஞ்சுடுமே என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 வந்து, 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. நோயாளி சொன்னதையும் அவர் ஆவணங்களையும் ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை என்று அதில் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைத்து வைத்து உயிரை இழந்த காலம் போகட்டும்.

தம்பியை நானும் அவர் மைத்துனரும் அழைத்துப் போனோம். எப்போதிலிருந்து தூக்கம் இல்லை, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்று அவர் மனைவி ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாள் பாதி வேலையை முடித்துவிட்டது. மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை, வாய் உலர்ந்ததுதான் மிச்சம். "இது வேலை செய்யல சார்" என்றார். மன அழுத்தத்துக்கான மாத்திரைகள் பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மூன்றாவது வாரம் விடிய விடியத் தூங்கினார். தேறிய பிறகும் பல மாதம் தொடர வேண்டும், நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஜீவாமிர்தம் ஊற்றின மறுநாளே மண் மாறிடுமா என்று கேட்டேன், சிரித்தார்.

உளவியலாளரிடம் ஐந்தாறு தடவை போனார். ஒரு தடவை அண்ணனையும் வரச் சொன்னார்கள். நியாயம் சொல்ல அங்கே யாரும் இல்லை, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, அவ்வளவுதான் விதி. இருபது வருஷத்தில் அண்ணன் தம்பி அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை. பாகப்பிரிவினை இன்னும் முடியவில்லை. ஆனால் ஆடிப் பட்டத்துக்கு மல்லாட்டை விதைத்தாகிவிட்டது.

எல்லாவற்றையும் மனநோய் என்று எடுத்துப் போகவும் கூடாது. கந்துவட்டிக்காரன் வாசலில் நின்றால் தூக்கம் வராதுதான். அதற்கு மாத்திரை மட்டும் போதாது. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது. வங்கிக் கடனென்றால் ஒரே தவணைத் தீர்வு, தவணை மாற்றம், லோக் அதாலத் என்று வழிகள் உண்டு. சட்ட உதவிக்கு 15100. ஆலோசகரால் கடனைத் தீர்க்க முடியாது, வங்கியால் மன அழுத்தத்தைத் தீர்க்க முடியாது. ரெண்டு கதவையும் தட்ட வேண்டும். மனசு கொஞ்சம் தேறின பிறகு கடன் பேச்சுக்குப் போவது நல்லது. தூங்காத மனுஷன் மேனேஜர் முன்னால் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

வீட்டில் அடி உதை இருந்தால் முதலில் தேவை பாதுகாப்பு, சமரசப் பேச்சு அதற்கப்புறம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. குடி என்றால் 14446. பல வருஷம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதனால் அதையும் டாக்டர் துணையோடுதான் செய்ய வேண்டும்.

படவேட்டு ரேணுகாம்பாளிடமும் மேல்மலையனூர் அங்காளம்மனிடமும் போகாதே என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. என் வீட்டிலும் போகிறார்கள். 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டி வைத்திருந்த 28 பேர் தீயில் கருகின பிறகு, அதே ஏர்வாடி தர்காவில் மருந்தும் துவாவும் சேர்ந்து நடக்க ஏற்பாடு வந்தது. சாமியும் டாக்டரும் ஒருத்தரை ஒருத்தர் விரட்ட வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்து என்று சொல்கிற பூசாரியிடம் மட்டும் போகாதீர்கள்.

கடைசியாக, நம் பத்திரிகைக்கே உரிய விஷயம். மனசு உடைந்த அந்தப் பத்து நிமிஷத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் விஷம் இருக்கிறதா இல்லையா என்பது உயிரைத் தீர்மானிக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் சினேகாவின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு, ஊர்ப் பொதுவில் பூச்சிமருந்துப் பெட்டகம் வைத்துப் பார்த்தது. ஒரு சாவி விவசாயியிடம், ஒன்று பொறுப்பாளரிடம். மருந்து குடிப்பது குறைந்ததாக 2013-இல் எழுதினார்கள். ஆனால் இலங்கையில் அனுராதபுரம் பகுதியில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரியவில்லை, 2017-இல் அந்த முடிவு வந்தது. சாவி வீட்டிலேயே இருந்தால் பூட்டு எதற்கு? அதே இலங்கை 1990-களில் கொடிய மருந்துகளைத் தடை செய்தபோதுதான் தற்கொலைகள் பத்தாண்டுகளில் ஏறக்குறைய பாதியாகின. வீட்டுக்குள் விஷமே வராமல் இருப்பதுதான் வேலை செய்கிறது. அதை நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோம்.

செய்துகொண்டிருக்கிறோமா? இயற்கைக்கு மாறி நாலு வருஷம் ஆன வீடுகளிலும் பரண்மேல் பழைய மோனோகுரோட்டோபாஸ் பாட்டில் பாதி கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். எலி பேஸ்ட்டும் இருக்கும். தம்பி வீட்டிலும் இருந்தது, டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் அவர் மனைவி எடுத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்படிக் கிடப்பதைக் கிணற்றிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். பூட்டி, வேறு வீட்டுப் பொறுப்பில் வைத்துவிட்டு, எப்படி அப்புறப்படுத்துவது என்று உங்கள் ஊர் உதவி வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள். யாராவது குடித்துவிட்டால் உடனே 108. சாணிக் கரைசல், புளிக் கரைசல், உப்புத் தண்ணி எதுவும் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைக் கழுவிவிட்டு, பாட்டிலையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். என்ன மருந்து என்று லேபிளைப் பார்த்தால்தான் டாக்டருக்குத் தெரியும்.