அப்பா அம்மாவுக்கு சீனியர் லிவிங்: எப்போ முடிவு எடுக்கணும்?



"நாங்க நல்லாத்தானே இருக்கோம், இப்போ என்னப்பா அவசரம்?" சீனியர் லிவிங் பேச்சை எடுத்தாலே பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். ஆனா, நல்லா இருக்கும்போதுதான் இதைப் பேசணும்.

ஏன்? கோயம்புத்தூரில் இருக்கிற மாதிரியான குடியிருப்புகளில் பல வீடுகள், தன் வேலையைத் தானே பார்த்துக்கிறவங்களுக்கானவை. வழுக்கி விழுந்து படுத்த பிறகு தேடினா, தேவைப்படுறது நர்ஸிங் கேர். அதோட செலவே வேற. அப்போ இடத்தைத் தேர்வு செய்யப்போறதும் அவங்க இல்லை, நீங்கதான்.

இப்போ கணக்குக்கு வருவோம். வாடகை, சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ரூபாய்னு வைச்சுக்குவோம். வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினா, 12 வருஷத்தில் அது சுமார் 80,000.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 8.2 சதவீத வட்டின்னா, மூணு மாசத்துக்கு 61,500. அதாவது மாதம் 20,500. இன்றைய செலவுக்கே பாதிதான்! மீதி எங்கிருந்து வரும்? பென்ஷனா, சொந்த வீட்டு வாடகையா, உங்க சம்பளமா? இப்பவே எழுதி வையுங்க.

அவசரப்பட்டு வீட்டை விற்க வேண்டாம். முதலில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். டெபாசிட் எப்போ திரும்பக் கிடைக்கும், படுக்கையில் விழுந்தா யார் பார்ப்பாங்க, பராமரிப்புக் கட்டணம் எப்படி ஏறும்? மூணுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்க.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, "எப்போ போறீங்க?"ன்னு கேட்காதீங்க. "என்ன நிலைமை வந்தா இந்த வீட்டை விடலாம்னு நினைக்கிறீங்க?"ன்னு கேளுங்க. முடிவு அவங்களோடதா இருக்கட்டும்.