தகவல் கேட்பது கையேந்துவதல்ல

காணியை விட்டு வந்த பின்னரும் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிப்பித்தோம். பிள்ளை பட்டதாரியாகிவிட்டாள்; வேலைதான் கிடைக்கவில்லை. 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் அரச நியமனம் கேட்டு மாதக்கணக்கில் வீதியோரம் அமர்ந்திருந்ததை நாம் மறக்கவில்லை. அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆயினும் அந்த ஒரு கதவை மட்டும் பார்த்திருக்க முடியாது. மற்றக் கதவுகளின் பின்னால் இருப்பவர்களோ நமக்கு அறிமுகமற்றவர்கள்.

"முன்பின் தெரியாத ஆக்களிட்டை என்னெண்டு போய்க் கேக்கிறது, பாதர்?" என்றார் ஒரு தகப்பனார். நிவாரண வரிசையில் அட்டையோடு நின்றவர் அவர். இனி எவரிடமும் கையேந்துவதில்லை என்ற அவரது வைராக்கியத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் கையேந்துவது வேறு, தகவல் கேட்பது வேறு.

ஏன் வெளியாரை நாட வேண்டும்?

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோரில் 100க்கு ஏறக்குறைய 17 பேருக்கே அடிக்கடி சந்திக்கும் ஒருவர் உதவியிருந்தார். மற்றவர்களுக்கு உதவியவர்கள் இடையிடையே அல்லது மிக அரிதாகச் சந்திப்பவர்களே. காரணம் எளிது. ஒரே வாய்க்காலில் நிற்பவர்களுக்கு ஒரே தண்ணீர்தான் வரும். பக்கத்துக் குடிலில் இருப்பவருக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரியும். தூரத்தில் இருப்பவரிடமே புதுச் செய்தி உண்டு.

இடப்பெயர்வு நம் ஊரைச் சிதறடித்தது. அதனாலேயே இன்று வவுனியாவிலும் கொழும்பிலும் கடல் கடந்தும் நம்மை ஓரளவு அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வழியாக அறிமுகமற்றவரை அடையலாம். புனித பவுலும் பெபேயாள் என்ற பெண்ணை ஏற்று உதவும்படி உரோமைத் திருச்சபைக்கு எழுதினார். அறிமுகம் செய்வது திருச்சபையின் பழைய வழக்கமே.

எப்படிக் கேட்பது?

1. குடும்பமாக இருந்து பத்துப் பெயர்களை எழுதுங்கள்: பழைய ஆசிரியர், பல்கலைக்கழகத்தில் மூத்த மாணவர், கமநல சேவை நிலைய உத்தியோகத்தர், கூட்டுறவுச் சங்க முகாமையாளர், விளைபொருள் வாங்கிய வியாபாரி.

2. "வேலை தாருங்கள்" என்று தொடங்க வேண்டாம். அது அவர் கையில் இல்லாதிருக்கலாம். அனுபவத்தைக் கேளுங்கள், அதை எவரும் தரலாம்.

3. கடிதமோ கைத்தொலைபேசிச் செய்தியோ, சுருக்கமாக எழுதுங்கள். உதாரணமாக:

"ஐயா, நான் இவ்வருடம் விவசாயத்தில் பட்டம் பெற்றேன். எனது ஆசிரியர் தங்கள் பெயரைத் தந்தார். சொட்டு நீர்ப்பாசனம் பற்றி ஆய்வு செய்துள்ளேன். இத்துறைக்குப் புதிதாக வருபவர் முதலில் எதைப் பழக வேண்டும் என்று அறிய விரும்புகிறேன். தங்களுக்கு வசதியான நேரத்தில் 15 நிமிடம் பேசலாமா? நன்றி."

4. பேசி முடிக்கும்போது, "இன்னும் யாரிடம் கேட்கலாம்?" என்று கேளுங்கள். ஒரு பெயர் இரண்டாகும்.

5. பதில் வராவிட்டால் இரண்டு வாரத்தின் பின் ஒருமுறை நினைவூட்டுங்கள். பிறகு விட்டுவிடுங்கள். விதைத்ததெல்லாம் முளைப்பதில்லை, அதற்காக நாம் விதைக்காமல் இருப்பதுமில்லை.

6. உதவியவருக்கு முடிவை அறிவித்து நன்றி கூறுங்கள்.

கவனம்

வேலைக்காகப் பணம் கேட்பவரை விட்டு விலகுங்கள். மூலச் சான்றிதழ்களையும் அடையாள அட்டையையும் எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். வெளிநாட்டு வேலையென்றால், முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். முதற் சந்திப்பு அலுவலகத்திலேயே நடக்கட்டும். துணைக்கு ஒருவர் போகலாம்.

அந்தத் தகப்பனார் நெடுநேரம் யோசித்தார். பின்பு தாமே முதற் பெயரைச் சொன்னார்: இடம்பெயருமுன் அவரது வெங்காயத்தை வாங்கிய வியாபாரி. மகள் அவருக்கு எழுதினாள். அவர் விதை விற்பவர் ஒருவரைக் காட்டினார். அவர் இன்னொருவரைக் காட்டினார். மூன்றாமவரிடமிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது.

கலந்துரையாட

1. கேட்பதற்கு நம்மைத் தடுப்பது எது? வெட்கமா, பழைய காயமா?
2. நம் குழுவிலுள்ள ஒவ்வொருவரும் ஓர் இளைஞருக்கு எந்தப் பெயரைத் தரலாம்?