பெயரில் ராசி இருக்கிறதா?
கைவினை நகைத் தொழில்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மகளிர் குழுக் கண்காட்சிக்குப் போனாலும் கல்லூரி விழா ஸ்டாலுக்குப் போனாலும் கையால் செய்த நகை கண்ணில் படாமல் இருக்காது. டெரகோட்டா ஜிமிக்கி, பட்டு நூல் வளையல், கெம்புக் கல் அட்டிகை என்று வரிசையாக இருக்கும். வீட்டு மேசையிலேயே தொடங்கிவிடக்கூடிய தொழில் என்பதால் ஆலோசனை சொல்கிறவர்களும் அதிகம். முக்கால்வாசி ஆலோசனை பெயரைப் பற்றித்தான் இருக்கும். அதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கழித்துவிடலாம் என்று பார்ப்போம்.

நம்பிக்கை: பெயரைக் கேட்டதுமே என்ன விற்கிறோம் என்று தெரிய வேண்டும்.

உண்மை: தெரிந்தால் வாடிக்கையாளருக்கு வசதிதான். ஆனால் 'அழகு டெரகோட்டா நகைகள்' என்று பெயர் வைத்தால் அதில் உங்களுக்கென்று எதுவும் மிஞ்சாது. பொருளின் வகையையோ தரத்தையோ மட்டும் சொல்லும் பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்ய, 1999-ம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. பல ஆண்டு விற்பனையில் அந்தப் பெயர் உங்களை மட்டுமே குறிக்கிறது என்று நிரூபித்தால்தான் விதிவிலக்கு. அதுவரை அடுத்த தெருக்காரர் 'பேரழகு டெரகோட்டா' என்று போர்டு மாட்டினாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நகையோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு சொல்லை எடுங்கள்: ஊர்ப்பக்கம் மட்டும் வழங்கும் ஒரு பூ, ஒரு பறவை, நீங்களே கோத்த ஒரு புதுச்சொல். என்ன விற்கிறீர்கள் என்பதைக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரியாகச் சொன்னால் போதும்.

நம்பிக்கை: சாமி பெயர் வைத்தால் ராசியும் வரும், பாதுகாப்பும் வரும்.

உண்மை: ராசியைப் பற்றி இந்தப் பத்திக்குக் கருத்தில்லை. பாதுகாப்பைப் பற்றிச் சட்டத்துக்கு இருக்கிறது. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைப் பதிவு செய்யக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தமக்கு மட்டும் என்று உரிமை கொண்டாட முடியாது என 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெய்வப் பெயர்களுக்கும் நடைமுறையில் இதே சிக்கல்தான். லட்சுமி, மீனாட்சி என்ற பெயரில் எத்தனை நகைக்கடைகள் என்பதை உங்கள் ஊர்க் கடைத்தெருவே சொல்லும். இத்தனை பேர் பயன்படுத்தும் சொல் ஒருவருக்கு மட்டும் சொந்தமாவது கடினம். சாமி பெயர் வேண்டும் என்றால் வையுங்கள். கூடவே தனித்துத் தெரிகிற இன்னொரு சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: ஒரு எழுத்தைக் கூட்டிப் போட்டால் புதுப் பெயராகிவிடும்.

உண்மை: எண்கணிதம் பார்த்து 'ஜுவல்ஸ்' என்பதில் ஒரு 'எல்' கூட்டுவதும், பெயரின் நடுவில் ஒரு 'ஹெச்' செருகுவதும் நம்மிடம் சாதாரணம். இருக்கிற பெரிய கடைப் பெயரையே இப்படி எழுத்து மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. நீதிமன்றம் எழுத்தைக் கூட்டிப் பார்ப்பதில்லை, காதால் கேட்டுப் பார்க்கிறது. 'அம்ருத்தாரா', 'லக்ஷ்மண்தாரா' என்ற இரண்டு மருந்துப் பெயர்களை 1962-ல் ஒப்பிட்ட உச்ச நீதிமன்றம், மங்கலான நினைவோடு கடைக்கு வரும் சாதாரண ஆள் குழம்பிப்போவார் என்றே கருதியது. அவ்வளவு வித்தியாசம் உள்ள பெயர்களுக்கே இந்த நிலை. ஒற்றை 'எல்' எப்படிக் காப்பாற்றும்?

இதில் ஒரு நடைமுறைத் தொல்லையும் இருக்கிறது. கண்காட்சியில் உங்கள் கம்மலை வாங்கிப்போனவர் தோழியிடம் பெயரை வாயால்தான் சொல்வார். தோழி அதைச் சாதாரண எழுத்தில் தேடுவார். கூட்டிய எழுத்தோடு எழுதிய உங்கள் பக்கம் அவர் கண்ணில் படாமலே போகலாம்.

நம்பிக்கை: சொந்தப் பெயரை வைத்தால் யாரும் கேட்க முடியாது.

உண்மை: பாதி சரி. ஒருவர் தம்முடைய பெயரை நேர்மையாகத் தொழிலுக்குப் பயன்படுத்துவதைச் சட்டத்தின் 35-ம் பிரிவு காக்கிறது. ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரண்டு நகை வியாபாரிகளின் வழக்கில், 2014-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின்படியே பெயரைத் தொடர்ந்து பயன்படுத்த அனுமதித்தது. ஆனால் அந்தப் பிரிவு சொல்வது உரிமையாளரின் பெயரையும், தொழிலில் அவருக்கு முன்னோராக இருந்தவரின் பெயரையும்தான். நம் ஊரில் அதிகம் வைக்கப்படுவதோ மகளின் செல்லப்பெயர்! அதே பெயரில் ஏற்கெனவே ஒரு நகை பிராண்ட் இருந்தால், 'எங்கள் பாப்பா பெயர்தானே' என்ற பதில் எடுபடாது.

நம்பிக்கை: இன்ஸ்டாகிராமில் பெயர் கிடைத்துவிட்டால் அது நமதாகிவிட்டது.

உண்மை: பக்கத்தின் பெயர், இணைய முகவரி, சிறுதொழில்களுக்கான உத்யம் சான்றிதழில் உள்ள பெயர் ஆகிய மூன்றுமே உங்களுக்குப் பெயருரிமை தருவதில்லை. முதலில் அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையதளத்தில் வணிகக் குறித் தேடலைச் செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. எழுத்து ஒற்றுமையோடு ஒலி ஒற்றுமையையும் தேடிப் பார்க்கலாம். பதிவில் பொருட்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: நகைகளுக்கு 14-ம் வகுப்பு. கவரிங்கும் ஃபேன்சி நகையும் அதில்தான் வரும். தலைக்கு வைக்கும் கிளிப், பூ அலங்காரம் போன்றவை 26-ம் வகுப்பு. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளப் பதிவு தேவையில்லை. வட்டத்துக்குள் 'ஆர்' போடுவதற்குப் பதிவு ஆகியிருக்க வேண்டும். பதிவாகாமல் போடுவது சட்டமீறல்.

ஆனால் பதிவே கடைசி வார்த்தையும் இல்லை. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா பெயருக்காக நடந்த வழக்கில் எதிர்த்தரப்பும் பதிவைக் காட்டியது. பெயரை முதலில் பயன்படுத்தி வந்தவரின் உரிமை பதிவுக்கும் மேலானது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கான காகிதம் எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

நம்பிக்கை: 'நாகர்கோவில் டெம்பிள் ஜுவல்லரி' என்பது ஒரு டிசைனின் பெயர்.

உண்மை: அது ஓர் ஊரின் தொழில். நாகர்கோவில் வடசேரியில் வெள்ளியில் செய்து, தங்கத் தகடு போர்த்தி, சிவப்புக் கெம்புக் கற்கள் பதிக்கும் நகைகள் கோயில் தெய்வங்களுக்காகத் தொடங்கி, பரதநாட்டியக் கலைஞர்களின் கழுத்துக்கும் நெற்றிக்கும் வந்தவை. அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வேறு ஊரில் அச்சில் வார்த்த செட்டுக்கு அந்தப் பெயரைப் போட்டு விற்பது சட்டத்துக்கும் பொருந்தாது, வடசேரிக் கைவினைஞருக்குச் செய்கிற நியாயமும் இல்லை. 'கோயில் நகை பாணி' என்று சொல்லி, எங்கே செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: 'ஒரு கிராம் தங்கம்', 'ஜெர்மன் சில்வர்' எல்லாம் வியாபாரத்தில் வழக்கமான பெயர்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உண்மை: 'ஒரு கிராம்' நகையில் ஒரு கிராம் தங்கம் இருப்பதில்லை. செம்பு அல்லது பித்தளையின் மேல் மெல்லிய தங்க முலாம் இருக்கும், அவ்வளவே. ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது. அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. 925 என்று முத்திரை இருந்தால் மட்டுமே ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று பொருள். கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியும். முதல்முறை வாங்குகிற கல்லூரி மாணவிக்குத் தெரியாது. தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

காதையும் யோசியுங்கள். நகையால் வரும் தோல் ஒவ்வாமைக்கு முதல் காரணம் நிக்கல். கம்மல் போட்ட இரண்டாம் நாள் காது மடல் சிவந்து, அரித்து, நீர் வடிவது பெரும்பாலும் இதனால்தான். டெரகோட்டா ஜிமிக்கியை 'முழுக்க இயற்கை' என்று சொல்லி விற்போம். காதுக்குள் போகும் கொக்கி மட்டும் சந்தையில் கிலோ கணக்கில் வாங்கிய கலப்பு உலோகமாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் காது குத்தில் போடும் பாகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது. வெளிநாட்டு ஆர்டர் எடுப்பவர்கள் கொக்கி வாங்கும் இடத்திலேயே இதைக் கேட்டு, பரிசோதனைச் சான்று வாங்கி வையுங்கள். உள்ளூரில் விற்பவர்களும் கொக்கி என்ன உலோகம் என்று அட்டையில் அச்சடித்தால் நல்லது.

நம்பிக்கை: பொருள் செலவை இரண்டால் பெருக்கினால் விற்பனை விலை.

உண்மை: இந்தத் தொழிலில் பலரைச் சத்தமில்லாமல் மூடவைப்பது இந்தக் கணக்குதான். ஒரு ஜோடி டெரகோட்டா ஜிமிக்கியை எடுத்துக்கொள்வோம். மண்ணைச் சலித்து, கல் பொறுக்கி, பிசைந்து, குடையாக வடித்து, நிழலில் நாள்கணக்கில் காயவிட வேண்டும். உள்ளே ஈரம் நின்றிருந்தால் சூளையில் வெடிக்கும். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்குவதால் ஜோடியில் ஒன்று சிறுத்துப்போனால் இரண்டையும் ஒதுக்க வேண்டும். பிறகு வண்ணம், வார்னிஷ், கொக்கி.

உதாரணத்துக்கு, மண், வண்ணம், கொக்கி, பெட்டி எல்லாமாக 45 ரூபாய் என்று வைப்போம். ஒன்றரை மணி நேர வேலைக்கு, மணிக்கு 80 வீதம் 120. சூளையில் போனவற்றின் பங்கு 10. மின்சாரம், ஸ்டால் வாடகையில் ஒரு பங்கு 15. ஆக அடக்க விலை 190. பொருள் செலவை இரட்டித்து 90 ரூபாய்க்கு விற்றால், வாங்குகிற ஒவ்வொருவருக்கும் நூறு ரூபாய் மொய் வைத்து அனுப்புகிறோம் என்று அர்த்தம். கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பதானால் அவர்களுடைய லாபத்துக்கும் இடம் வேண்டும். 'வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே' என்று கூலியை விட்டுவிட்டால், ஆர்டர் பெருகி உதவிக்கு ஆள் வைக்கும் நாளில் விலையை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது.

நம்பிக்கை: ஜிஎஸ்டி எண் இல்லாமல் ஒரு ஜிமிக்கிகூட விற்க முடியாது.

உண்மை: தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. 2023 அக்டோபர் முதல், மாநிலத்துக்குள் ஆன்லைன் சந்தைகள் வழியே விற்கும் சிறு வியாபாரிகளுக்கும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது விதி மாறும். கைவினைப் பொருட்களுக்குத் தனிச் சலுகைகளும் இருப்பதால் முதல் பார்சலுக்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையதளம் அரசு தளமாக இருக்காது.

நம்பிக்கை: டிசைனை முதலில் போஸ்ட் செய்வோம், பிரபலமானால் பதிவு செய்துகொள்ளலாம்.

உண்மை: 2000-ம் ஆண்டு வடிவமைப்புகள் சட்டம் புதிய, இதற்கு முன் வெளிவராத வடிவத்துக்குத்தான் பதிவு தரும். நீங்களே வெளியிட்ட படம் உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். மாங்காயும் அன்னமும் ஜிமிக்கிக் குடையும் எல்லோருக்கும் பொது. அவற்றில் நீங்கள் கொண்டுவந்த புதுமை எது என்று தெளிவாக இருந்தால், முதலில் விண்ணப்பம், பிறகு போஸ்ட்.

நம்பிக்கை: நல்ல பெயர் அமையும்வரை விற்பனையைத் தொடங்கக் கூடாது.

உண்மை: முன்பே சொன்ன இருட்டுக்கடை வழக்கு வந்து நிற்பதும் இங்கேதான். பெயருக்கு மதிப்பு வருவது விற்ற பிறகு. ராசி பார்த்து வைத்த பெயரும் பதிவு எண் வாங்கிய பெயரும், ஒரு ஜோடிகூட விற்காதவரை வெறும் எழுத்துதான். அதனால் தேடிப் பார்த்து, மோதல் இல்லாத, தனித்துத் தெரிகிற ஒரு பெயரை ஒரு வாரத்துக்குள் முடிவு செய்யுங்கள். முதல் விற்பனைக்கே அந்தப் பெயரில் தேதியிட்டு, வரிசை எண்ணோடு பில் போடுங்கள். கண்காட்சிக் கட்டண ரசீது, அட்டை அச்சடித்த பில், கூரியர் சீட்டு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். நாளைக்கு யாராவது உங்கள் பெயரைக் கேட்டு வந்தால், வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.