ஆள் தேட வேண்டாம்

கேள்வி: அட்டை ஃபைல் தயாரிக்கும் சிறு பட்டறை நடத்துகிறேன். அரசு ஆர்டர் வாங்க யாரைப் பிடிக்க வேண்டும்?
- வாசகி, சிவகாசி

பதில்: யாரையும் பிடிக்க வேண்டாம், அம்மா. முதலில் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவை எடுத்துப் பாருங்கள். அதில் 'உற்பத்தி' என்று இருக்க வேண்டும். 'வணிகம்' என்றிருந்தால் கொள்முதல் சலுகை கிடைக்காது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 3 சதவீதம் பெண் தொழில்முனைவோருக்கு. டெண்டருக்கு முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டியதில்லை.

அடுத்தது, அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் (GeM) இணையதளம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 'தரமான ஃபைல்' என்று மட்டும் போட்டால் எந்த அதிகாரியாலும் வாங்க முடியாது. அவருக்குத் தணிக்கை இருக்கிறது. அட்டை எத்தனை ஜிஎஸ்எம், நீள அகலம் என்ன, கிளிப் உலோகமா பிளாஸ்டிக்கா, எத்தனை நாளில் டெலிவரி என்று ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் போடுங்கள்.

அடிமாட்டு விலை போடாதீர்கள். டெண்டரில் மிகக் குறைந்த விலை குறிப்பிட்டவர் பெரிய நிறுவனமாக இருந்து, உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், அவர் விலைக்கு இறங்கி ஆர்டரில் ஒரு பங்கு பெறலாம். பணம் 45 நாளைத் தாண்டி இழுத்தடித்தால், 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி வட்டியோடு கேளுங்கள். புகார் செய்யும் வழியை மாவட்டத் தொழில் மையத்தில் சொல்வார்கள்.